தூர்ந்த கான்கள்: சிசுக்களின் பித்தக்கானடைப்பு நோயும் வைரசுக் கொள்கையின் வரலாறும்

பிறந்த குழந்தையின் கண்ணும் தோலும் சில நாட்களுக்கு மஞ்சள் பூத்துக் காணப்படுவது எந்த நாட்டிலும் வழமையான நிகழ்ச்சியாகும். பெரும்பாலான குழந்தைகளில் இம்மஞ்சள் இரண்டு வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றது. ஐரோப்பிய நாடுகளிற் பிறக்கும் பதினையாயிரம் தொடக்கம் இருபதினாயிரம் வரையான குழந்தைகளுள் ஒன்றுக்கோ அது மறைவதில்லை. அக்குழந்தை நன்றாகப் பாலருந்தும், நிறையும் கூடும், முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கும். ஆயின் அதன் மலம் நாளடைவில் நிறம் வெளுத்துக் களிமண் போலாகின்றது. சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுக்கின்றது. ஈரலிலே சுரக்கும் பித்தத்தைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் கான்கள் அடைபட்டுப் போனமையே இதற்குக் காரணம். வெளியேற வழியற்ற பித்தம் ஈரலிலே தேங்க, ஈரல் நாரேறி வன்மையடைகின்றது. சிகிச்சை கிட்டாத குழந்தைகளுட் பெரும்பாலானவை இரண்டு வயதை எட்டுவதில்லை.

இந்நோய்க்கு மேலைநாட்டு மருத்துவர் இட்ட பெயர் துளையின்மை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றின் அடியாகப் பிறந்ததாகும். துளை இல்லை என்று கூறுவது வெறும் வருணனை போலத் தோன்றினும், அதனுள்ளே ஒரு தீர்ப்பும் மறைந்திருக்கின்றது. நீரற்ற நிலமொன்றைக் காணும் ஒருவர், இங்கு கிணறு வெட்டப்படவேயில்லை என்று கூறலாம். வெட்டிய கிணறு பின்னர் தூர்ந்துபோயிற்று என்றும் கூறலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. பித்தக்கான் கருவிலே உருவாகவேயில்லையா, அன்றி உருவாகிய கான் பின்னர் ஏதோவொரு நோயினால் தூர்ந்துபோயிற்றா என்ற வினாவே இந்நோயின் இருநூறாண்டு வரலாற்றினை நடத்திவந்துள்ளது. வைரசுத் தொற்றே இந்நோய்க்குக் காரணமாகலாம் என்னும் கொள்கை இரண்டாவது விடையின் வழிவந்த பிள்ளையாகும். அக்கொள்கை எவ்வாறு தோன்றியது, எத்தகைய சான்றுகளால் வளர்ந்தது, எவ்விடத்தில் இடர்ப்பட்டது என்பனவே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஜோன் பேர்ண்ஸ் 1817 ஆம் ஆண்டிலே தமது மகப்பேற்று மருத்துவ நூலில், சிசுக்களின் பித்த உறுப்புக்கள் திருத்தமுடியாத நிலையில் இருக்கக்கூடும் என்பதைக் குறிப்பிட்டார். அதற்கு மேலாக அக்காலத்தில் எவரும் எதனையும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கவில்லை. நோயினை ஒழுங்காக ஆராய்ந்தவர் எடின்பரோ நகரின் ஜோன் தொம்சன் ஆவார். 1891, 1892 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்விலே ஐம்பதளவான நோயாளரின் விபரங்கள் ஒருங்கு திரட்டப்பட்டன. அவற்றை ஒப்பிட்டபோது, எல்லாக் குழந்தைகளிலும் ஒரே இடத்திலே கான் அடைபட்டிருக்கவில்லை என்பதும், பல இடங்களில் அழற்சியின் சுவடுகள் காணப்பட்டன என்பதும் புலனாயின.

இதனையடுத்து 1901 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் றோல்ஸ்ரன், ஹெய்ன் என்னும் இருவர் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று தனிக்கவனத்துக்குரியது. தாயின் குருதியிலுள்ள ஏதோவொரு நச்சுப்பொருள் கொப்பூழ் நாளத்தின் வழியே சிசுவின் ஈரலை அடைந்து, ஈரலையும் கான்களையும் ஒருங்கே தாக்குகின்றது என அவர்கள் கருதினர். அந்நஞ்சு எது என்று அவர்களாற் சொல்ல முடியவில்லை. வைரசு என்னும் எண்ணக்கரு அப்போதுதான் புகையிலைச் செடியின் நோயொன்றை ஆராய்ந்தோரிடையே அரும்பிக்கொண்டிருந்தது. எனினும் நோய் வெளியிலிருந்து வருகின்றது, தாய்வழி வருகின்றது, கான் பிறக்குமுன்னரே தாக்கப்படுகின்றது என்னும் மூன்று கருத்துக்களும் அக்கட்டுரையிலே இடம்பெற்றுவிட்டன.

அக்கருத்து நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்குப் பெரிதுங் காரணமாயமைந்தது முளையவியலின் செல்வாக்கு எனலாம். பின்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆவோ இல்ப்போ 1913 ஆம் ஆண்டிலே, முளையத்தின் பித்தக்கான் ஒரு கட்டத்திலே துளையற்ற திண்கயிறு போல இருந்து பின்னரே உட்குடைவு பெறுகின்றது என்றும், அவ்வளர்ச்சி இடையில் நின்றுவிட்ட குழந்தைகளே இந்நோயுடன் பிறக்கின்றன என்றும் விளக்கினார். எளிமையும் அழகும் வாய்ந்த விளக்கம் இது. கிணறு வெட்டப்படவேயில்லை என்பதே அதன் சாரம். இவ்விளக்கம் பாடநூல்களிற் புகுந்து அரைநூற்றாண்டு காலம் அசையாதிருந்தது. மனிதமுளையத்திலே அத்தகைய திண்கட்டம் உண்டா என்பதே ஐயத்துக்குரியது என்பது பின்னர் தெரியவந்தது.

காரணம் பற்றிய கொள்கை சிகிச்சையையும் கட்டுப்படுத்தியது. 1916 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஹோம்ஸ், அதுவரை வெளியான பிரேத பரிசோதனை விபரங்களைத் தொகுத்து நோக்கி, நூற்றுக்குப் பதினாறளவான குழந்தைகளிற் கானின் ஒரு பகுதியாவது திறந்திருந்தமையால் அவற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்திருக்கலாம் எனக் காட்டினார். 1928 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரின் வில்லியம் லாட் அத்தகைய குழந்தைகள் சிலவற்றைச் சத்திரசிகிச்சையாற் காப்பாற்றியமையை அறிவித்தார். எஞ்சிய பெரும்பான்மையினர் திருத்தமுடியாதோர் என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டனர். வயிற்றைத் திறந்து பார்த்து, கான் இல்லையெனக் கண்டு, மீண்டும் தைத்துவிடுவதே அக்குழந்தைகளுக்குச் செய்யப்பட்டது. கருவிலேயே உருவாகாத ஒன்றை எவராலும் திறக்கமுடியாதென்ற எண்ணம் அக்கையறுநிலைக்கு நியாயமாகவும் அமைந்தது.

இந்நிலையை மாற்றியவர் யப்பானின் சென்டாய் நகரிலுள்ள தொஹொக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொறியோ கசாய் ஆவார். 1955 ஆம் ஆண்டிலே 72 நாள் வயதுடைய குழந்தையொன்றிலே அவர் புதியதொரு சத்திரசிகிச்சையைச் செய்தார். ஈரலின் வாயிலில் நாராகிப்போன இழையத்தை வெட்டி நீக்கி, அவ்விடத்திலே குடலைக் கொண்டுசென்று பொருத்துவதே அம்முறை. கண்ணுக்குப் புலப்படக்கூடிய கான் எதுவும் அங்கு இருக்கவில்லை. ஆயினும் பித்தம் வடிந்தது. வெட்டிய நாரிழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது அதனுள்ளே நுண்ணிய கான்கள் பல உயிருடன் இருந்தமை தெரிந்தது. இளங்குழந்தைகளில் அவை மிகுதியாகவும், வயது கூடிய குழந்தைகளில் அரிதாகவும் காணப்பட்டன. வெட்டப்படாத கிணற்றிலே இத்தகைய மாற்றம் நிகழ முடியாது. கண்ணெதிரே தூர்ந்துகொண்டிருக்கும் கிணறே இவ்வாறு காணப்படும். கசாய் தமது முறையை 1959 இலே யப்பானிய மொழியிலும் 1968 இலே ஆங்கிலத்திலும் வெளியிட்டார்.

இவ்விடத்திலே வரலாற்றின் வேடிக்கையொன்றைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. கசாயின் ஆங்கிலக் கட்டுரை வெளிவந்த அதே 1968 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவில் தேலர், கெலிஸ் என்னும் இருவர், செங்கண்மாரியுள்ள சிசுக்களின் வயிற்றைத் திறப்பதை நான்கு மாதங்கள் வரை தாமதிப்பதே நன்று எனப் பரிந்துரைத்தனர். அவர்களது நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஈரலழற்சி மட்டுமே உடைய குழந்தைகள் பல தாமாகவே குணமடைவன. அவற்றுக்குச் சத்திரசிகிச்சை தீங்கு விளைவிக்கும். பித்தக்கான் இல்லாத குழந்தைக்கோ எப்போது திறந்தாலும் பயனில்லை என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆனால் நோய் நாளுக்குநாள் முற்றுவதாயின் நான்கு மாதம் என்பது மரணத் தீர்ப்புக்கு ஒப்பாகும். பிற்கால அனுபவம் அறுபது நாட்களுக்குள் செய்யப்படும் கசாய்ச் சத்திரசிகிச்சையே கூடிய பயன்தருவது எனக் காட்டியது. கான் உருவாகவில்லையா, தூர்ந்ததா என்பது ஏட்டுச் சச்சரவு மட்டுமன்று என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

கான் தூர்கின்றது எனின் அதனைத் தூர்ப்பது எது? இவ்வினாவுக்கு வைரசு என்ற விடையைத் தெளிவாக முன்வைத்தவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நோயியலாளர் பெஞ்சமின் லாண்டிங் ஆவார். 1974 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கட்டுரையிலே சிசு ஈரலழற்சி, பித்தக்கானடைப்பு, பித்தக்கான் வீக்கப்பை ஆகிய மூன்றும் தனித்தனி நோய்களல்ல, ஒரே அழற்சியின் மூன்று முகங்களே என்று வாதிட்டார். அழற்சி ஈரற்கலங்களைத் தாக்கின் ஒன்றும், கானின் உட்சுவரைத் தாக்கின் மற்றொன்றும், கான்சுவரை நலிவுறச் செய்து புடைக்கவைப்பின் மூன்றாவதும் தோன்றுமென்பது அவர் கருத்து. அவ்வழற்சியின் தோற்றுவாய் பெரும்பாலும் ஒரு வைரசாகலாம் என அவர் ஐயுற்றார்.

அவ்வையம் வெறுங் கற்பனையன்று. தாயின் தொற்று சிசுவின் உறுப்புக்களைச் சிதைக்கக்கூடும் என்பதை அவுஸ்திரேலியக் கண்மருத்துவர் நோமன் கிறெக் 1941 ஆம் ஆண்டிலேயே ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா நோயைக்கொண்டு நிறுவியிருந்தார். 1964, 1965 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவிற் பரவிய ருபெல்லாக் கொள்ளைநோயின் விளைவாக இருபதினாயிரமளவான குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளுடன் பிறந்தன. அத்தகைய குழந்தைகளின் ஈரலை ஆராய்ந்து 1968 ஆம் ஆண்டிலே ஸ்ட்ரவுஸ், பேர்ன்ஸ்டீன் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலே ஈரலழற்சியோடு பித்தக்கானடைப்பும் இடம்பெற்றது. ஒரு வைரசு இதனைச் செய்யக்கூடுமெனின் வேறொரு வைரசும் செய்யலாமல்லவா?

ஈரலழற்சிக்குப் பேர்பெற்ற வைரசுகளே முதலில் ஐயுறப்பட்டன. ஆனால் 1980 ஆம் ஆண்டிலே பலிஸ்றெறி குழுவினர், பித்தத் தேக்கமுற்ற 18 சிசுக்களிலே ஏ, பீ ஆகிய ஈரலழற்சி வைரசுகளின் தடயங்களைத் தேடியபோது எதுவும் கிட்டவில்லை. லாண்டிங் கட்டிய முக்காலியின் ஒரு காலும் மெல்ல உளுத்துக்கொண்டிருந்தது. சிசு ஈரலழற்சி என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்பட்ட நோயாளருட் பலர் உண்மையிற் பரம்பரைக் குறைபாடுகள் உடையோர் என்பது பின்வந்த ஆண்டுகளிலே தெரிந்தது. ஆயினும் அக்கட்டுரையின் செல்வாக்குக் குறையவில்லை. தேடவேண்டிய திசையை அது காட்டிவிட்டது.

தேடலின் முதற்பெரும் அத்தியாயம் றீயோ வைரசைப் பற்றியதாகும். இவ்வைரசின் பெயரே சுவையானது. சுவாசவழி, குடல், அநாதை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து 1959 ஆம் ஆண்டிலே அல்பேட் சபின் ஆக்கிய பெயர் அது. அநாதை எனப்பட்டது, அதற்கென ஒரு நோய் அப்போது தெரிந்திராமையால். நோய் தேடி அலைந்த வைரசும், வைரசு தேடி அலைந்த நோயும் பின்னர் சந்தித்துக்கொண்டமை வியப்பன்று.

அவுஸ்திரேலியாவிலே ஸ்ரான்லி என்பவர் 1950களின் தொடக்கத்திற் கண்டறிந்த சுண்டெலி வைரசொன்று பின்னர் றீயோ வைரசின் மூன்றாம் வகையென இனங்காணப்பட்டது. அது தொற்றிய சுண்டெலிக் குட்டிகள் மஞ்சள் பூத்தன. கொழுப்புச் சமிபாடு குலைந்தமையால் அவற்றின் மயிர் எண்ணெய் தடவியது போலப் படிந்து காணப்பட்டது. 1968, 1969 ஆம் ஆண்டுகளிற் பப்பாடிமிற்றியூவும் அவர்தம் கூட்டாளிகளும் அக்குட்டிகளின் பித்தக்கான்களைத் தனித்து ஆராய்ந்து, வைரசு கானின் சுவரைத் தாக்குவதையும் நெடுநாட் பித்தத்தேக்கம் தோன்றுவதையும் காட்டினர். பத்தாண்டுகளின் பின் நியூயோர்க்கிலே மொறெக்கி குழுவினர் இப்பழைய அவதானிப்பை எடுத்து, மனிதசிசுவின் தூர்ந்த கானையும் சுண்டெலியின் அழற்சியுற்ற கானையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, இரண்டும் நெருங்கிய ஒற்றுமை உடையன என்று 1980 இலே எழுதினர்.

1982 ஆம் ஆண்டிலே அதே குழுவினர் குழந்தைகளின் குருதியை ஆராய்ந்தனர். பித்தக்கானடைப்புள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 68 பேரிலும், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட ஏனைய குழந்தைகளில் நூற்றுக்கு 8 பேரிலும் மட்டும் றீயோ வைரசுக்குரிய பிறபொருளெதிரி காணப்பட்டது. இத்துணை இடைவெளியைக் கண்ட எவரும் குற்றவாளி பிடிபட்டான் என்றே எண்ணியிருப்பர். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள், 1984 இலே, பிரான்சிலிருந்து வந்த அறிக்கை அத்தகைய வேறுபாடு எதனையும் காணவில்லை. 1988 இலே பிரவுண் குழுவினரும் தொடர்பில்லை என்றனர். பிறபொருளெதிரியை அளப்பதில் உள்ள இடர் இவ்விடத்திற் கருதத்தக்கது: றீயோ வைரசு உலகெங்கும் பரந்து காணப்படுவது, வளர்ந்தோருட் பெரும்பாலோர் அதற்கெதிரான பிறபொருளெதிரியை உடையவர், தாயின் பிறபொருளெதிரி சிசுவின் குருதியிலும் சில மாதங்கள் தங்கியிருக்கும். எனவே சிசுவின் குருதியிற் காண்பது சிசு பெற்ற தொற்றின் சுவடா, தாயின் பழைய தொற்றின் சுவடா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

பின்னர் வைரசின் மரபுப்பொருளையே நேரடியாகப் பெருக்கிக் காணும் நுட்பம் வந்தது. இனிமேல் ஐயத்துக்கு இடமிராது என்று பலரும் நம்பினர். 1995 இலே ஸ்ரீல் குழுவினர் பேணப்பட்டிருந்த ஈரலிழையங்களில் அம்முறையால் தேடி எதனையும் காணவில்லை. 1998 இலே ரைலர் குழுவினர் தேடியபோது பித்தக்கானடைப்புள்ள குழந்தைகளில் அரைப்பங்குக்கு மேற்பட்டோரின் இழையத்தில் றீயோ வைரசு இருந்தது. பித்தக்கான் வீக்கப்பையுள்ளோரில் அதனினும் மிகுதியாக இருந்தது. இழையத்தைப் பேணிய முறையின் வேறுபாட்டால் விடையும் வேறுபட்டிருக்கலாம். எவ்வாறாயினும், கருவி கூர்மையடைந்தபோது வழக்கு முடியுமென்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர்.

இதற்கிடையில் வேறொரு வைரசு அரங்குக்கு வந்துவிட்டது. குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குத் தலையாய காரணியாகிய றோட்டா வைரசை 1973 ஆம் ஆண்டிலே மெல்பேர்ண் நகரில் றூத் பிஷப் குழுவினர் மனிதக் குழந்தைகளிற் கண்டறிந்தனர். சக்கரவடிவினதாகையால் அப்பெயர் பெற்ற இவ்வைரசு றீயோ வைரசின் நெருங்கிய உறவினமாகும். 1993 ஆம் ஆண்டிலே ரைப்பென்ஹோஃப் ரல்ற்றி குழுவினர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு வாய்வழி இவ்வைரசைக் கொடுத்தபோது ஈரலுக்கு வெளியிலுள்ள பித்தக்கான் அடைபடுவதைக் கண்டனர். மலம் வெளுத்தது, தோல் மஞ்சளாயிற்று. 1996 இலே அக்குழுவினரே பித்தக்கானடைப்புள்ள 20 குழந்தைகளுட் 10 பேரில் சீ வகை றோட்டா வைரசின் மரபுப்பொருளைக் கண்டனர். ஒப்பீட்டுக்கென எடுத்த 12 பேருள் எவரிலும் அது இருக்கவில்லை. மறுவருடமே பொபோ குழுவினர் றோட்டா வைரசுக்கான சான்று இல்லையென அறிவித்தனர். பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது.

ஆனால் சுண்டெலி ஆய்வு மனித ஆய்வைப்போல முரண்படவில்லை. றீசஸ் குரங்கிலிருந்து பெறப்பட்ட றோட்டா வைரசைப் பிறந்து ஓரிரு நாட்களுக்குள் செலுத்தினால் குட்டிகள் நோயுறுகின்றன. ஒரு வாரமளவு கழித்துச் செலுத்தினால் நோய் தோன்றுவதில்லை. 1997 இலே ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பீற்றர்சன் குழுவினர் இம்மாதிரியை ஒழுங்குபடுத்தி, இன்ரபெரோன் என்னும் பொருளை முற்காப்பாகக் கொடுத்து நோயைத் தடுக்க முடியுமெனக் காட்டினர். இதனினும் முக்கியமானது, வைரசு ஈரலிலிருந்து இரண்டு வாரங்களளவில் நீங்கிவிட, அழற்சியோ தொடர்ந்து முன்னேறிக் கானை மூடிவிடுகின்றது என்னும் அவதானிப்பாகும். 2004 இலே சின்சினாற்றி நகரின் ஆய்வாளர், காமா வகை இன்ரபெரோனை ஆக்கமுடியாத சுண்டெலிகளிலே தொடக்க அழற்சி தோன்றினும் கான் அடைபடுவதில்லை எனக் காட்டினர். 2006 இலே கொலராடோவின் மக் குழுவினர் நோயுற்ற சுண்டெலியின் நிணநீர்க்கலங்களை மட்டும், வைரசு இன்றி, வேறு சுண்டெலிகளுக்கு மாற்றியபோது அவற்றிலும் பித்தக்கான் அழற்சி உண்டாயிற்று. ஆகவே கானைத் தூர்ப்பது வைரசு அன்று. வைரசைத் துரத்தவந்த நிர்ப்பீடனப் படையே தன் வீட்டுச் சுவரை இடிக்கின்றது என்னும் விளக்கம் உருவாயிற்று.

வந்தது, தாக்கியது, நீங்கியது என்ற இவ்விளக்கம் மனித ஆய்வுகளின் முரண்பாட்டையும் ஒருவாறு தீர்த்துவைத்தது. குழந்தை சத்திரசிகிச்சைக்கு வரும்போது வயது ஏறத்தாழ இரண்டு மாதம். வைரசு அதற்கு வெகுமுன்னரே சென்றிருக்கும். சிலரில் எச்சம் கிடைக்கலாம், பலரிற் கிடைக்காது. இது ஏற்கத்தக்க நியாயமே. ஆயினும் அதன் பலவீனமும் அங்கேயே உள்ளது. வைரசு கிடைத்தால் அது சான்று. கிடைக்காவிட்டால் அது போய்விட்டது என்று கூறும் கொள்கையை எந்த ஆய்வினாற் பொய்ப்பிக்க முடியும்? றொபேட் கொக் வகுத்த விதிகளின்படி நோயாளர் ஒவ்வொருவரிலும் நோய்க்கிருமி காணப்படவேண்டும். அவ்விதிகளை வைரசு நோய்களுக்கு அவ்வாறே பொருத்த இயலாது என்பது உண்மைதான். அதனால் விதியே வேண்டாம் என்பது பெறப்படாது. 2009 ஆம் ஆண்டிலே ஹனோவர் ஆய்வாளர் 74 குழந்தைகளின் ஈரலிற் பல வைரசுகளையும் ஒருங்கே தேடினர். அரைப்பங்குக்குக் குறைவானோரிலேயே ஏதாவதொரு வைரசு இருந்தது. அவ்வாறு இருந்தோரும் வயது கூடியோராகவே காணப்பட்டனர். வைரசு முதலில் வந்து நோயைத் தந்திருப்பின், வயது குறைந்தோரிலன்றோ அது மிகுந்திருக்க வேண்டும்? நலிவுற்ற ஈரலில் வைரசு பின்னர் குடியேறியிருக்கலாம் என்ற அவர்களது முடிபு இலகுவிற் தள்ளத்தக்கதன்று.

இவ்விரண்டு வைரசுகளையும் விட உறுதியான நிலையில் நிற்பது சைற்றோமெகலோ வைரசு எனலாம். தாயிடமிருந்து சிசுவுக்குக் கருவிலேயே தொற்றவல்லது அது. பித்தக்கானின் சுவர்க்கலங்களிலும் வாழவல்லது. 2009 ஆம் ஆண்டிலே பிறின்ட்லி குழுவினர் நோய் கண்டறியப்பட்ட வேளையிலே குழந்தைகளின் ஈரல் நிணநீர்க்கலங்களைச் சோதித்தபோது, 56 சதவீதத்தினரில் அக்கலங்கள் இவ்வைரசை ஏற்கெனவே அறிந்தவையாக எதிர்வினை காட்டின. வைரசைத் தேடாது வைரசின் நினைவைத் தேடியமை இவ்வாய்வின் நுட்பமாகும். 2015 இலே இலண்டன் மருத்துவர்கள், இவ்வைரசின் அண்மைத் தொற்றுக்குரிய சான்றுடைய குழந்தைகளை ஏனையோரோடு ஒப்பிட்டு, முன்னையோர் கசாய்ச் சத்திரசிகிச்சையாற் பெறும் பயன் குறைவு எனக் கண்டனர். ஒரே பெயரின்கீழ் வேறுவேறு நோய்கள் அடங்கியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது.

ஈரலை விடுத்து நாட்காட்டியை நோக்கியோரும் உளர். வைரசு பருவத்தோடு வருவது. ஆகவே நோயும் பருவத்தோடு வரவேண்டும். 1982 இலே ரெக்சாசிலும் 1997 இலே அற்லான்டாவிலும் நோயாளர் காலத்தாற் குழுமிக் காணப்பட்டனர். பிரான்சிலும் சுவீடினிலும் அத்தகைய குழுமல் காணப்படவில்லை. ஒத்த இரட்டையருள் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாயிருப்பது பல தடவை பதிவாகியுள்ளமை பரம்பரையை மட்டும் குற்றஞ்சாட்டுவோருக்கு இடையூறாகும். ஒரே கருப்பையில் ஒரே தாயின் குருதியைப் பெற்ற இருவருள் ஒருவரை மட்டும் வைரசு தேர்ந்துகொண்டது ஏன் என்பது மறுதரப்பாருக்கு இடையூறாகும். பத்திலொரு பங்கு நோயாளரில் மண்ணீரல், இதயம் ஆகியவற்றின் பிறவிக் கோளாறுகளும் சேர்ந்திருக்கின்றன. அவ்வுறுப்புக்களின் வடிவம் கருப்பத்தின் முதல் வாரங்களிலேயே நிச்சயிக்கப்படுவது. அச்சிறு பிரிவினரைப் பொறுத்தவரை இல்ப்போவின் பழைய விளக்கத்துக்குப் பக்கத்திலேயே ஆய்வாளர் மீண்டும் வந்துநிற்கின்றனர்.

றோல்ஸ்ரனும் ஹெய்னும் 1901 இற் கூறிய தாய்வழி நஞ்சு, எவரும் எதிர்பாராத இடத்திலே உயிர்பெற்றது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில் வரட்சியால் நீர்த்தேக்கமொன்றின் அடித்தரை வெளிப்பட்டபோது, அங்கு முளைத்த பூண்டுகளைச் சினையாடுகள் மேய்ந்தன. ஆடுகளுக்கு யாதும் நேரவில்லை. அவை ஈன்ற குட்டிகளோ பித்தக்கான் அடைபட்டுப் பிறந்து மடிந்தன. அப்பூண்டிலிருந்து பித்தக்கானைத் தாக்கும் நஞ்சொன்றை 2015 இலே அமெரிக்க ஆய்வாளர் பிரித்தெடுத்து, சிறு மீன்குஞ்சுகளில் அதன் விளைவைக் காட்டினர். மனிதர் அப்பூண்டை உண்பதில்லை. எனினும் தாயைத் தீண்டாது சிசுவின் கானை மட்டும் அழிக்கும் பொருள் இயற்கையில் உண்டென்பது உறுதியாயிற்று. வைரசு அல்லாத காரணமும் அதே உருவக் கேட்டை விளைவிக்கலாம் என்பதும் தெளிவாயிற்று.

நிர்ப்பீடனக் கொள்கை மருத்துவமனையிலும் சோதிக்கப்பட்டது. அழற்சியே கானைத் தூர்ப்பதாயின் அழற்சியை அடக்கும் ஸ்ரீறொயிட்டு மருந்து பயன்தரவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் 14 நிலையங்களில் 140 குழந்தைகளைக்கொண்டு நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2014 இலே வெளிவந்தது. மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்குமிடையே, பித்தவடிவைப் பொறுத்தவரை, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு நிறுவப்படவில்லை. சுண்டெலியில் வென்ற கொள்கை சிசுவிடம் வெல்லவில்லை. மருந்து கொடுக்கப்பட்ட வேளையிற் காலம் கடந்துவிட்டிருக்கலாம் என்ற சமாதானம் இங்கும் கூறப்பட்டது.

காலம் பற்றிய இவ்வினாவை 2011 ஆம் ஆண்டிலே வெளிவந்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசைகளில் இழுத்தன. தாய்வானிலே 2004 தொடக்கம் 2009 வரையான பதிவுகளை ஆராய்ந்தோர், நோய் குறைந்துவருவதைக் கண்டு, அந்நாட்டுக்கு அக்காலத்தில் வந்த றோட்டா வைரசுத் தடுப்பு மருந்து அதற்குக் காரணமாகலாமோ என்று வினவினர். அம்மருந்து ஆறு வாரத்துக்கு முன் எக்குழந்தைக்கும் கொடுக்கப்படுவதில்லை. நோயோ அதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. ஊரிலுள்ள மூத்த குழந்தைகளிற் றோட்டா வைரசு குறைந்தமையாற் கர்ப்பிணிகளும் சிசுக்களும் காக்கப்பட்டனர் என்று கொண்டாலொழிய இவ்வூகம் நிற்காது. அதே ஆண்டிலே ஹூஸ்ரன் நகரின் ஹர்ப்பவற் குழுவினர், பித்தக்கானடைப்பு என்று பின்னர் கண்டறியப்பட்ட 34 குழந்தைகளின் பழைய மருத்துவக் குறிப்புக்களைத் தேடி எடுத்தனர். பிறந்து நான்கு நாட்களுக்குள் எடுக்கப்பட்ட குருதியிலேயே நேர் பிலிரூபின் என்னும் பித்தநிறப்பொருள் ஒவ்வொரு குழந்தையிலும் அளவை விஞ்சியிருந்தது. அன்று அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பிறந்தபின் தொற்றும் வைரசு நாலைந்து நாட்களுக்குள் இவ்விளைவை உண்டாக்குமென எண்ணுவது கடினம். வைரசுதான் காரணமாயின், அது கருப்பையினுள்ளேயே, பிறப்புக்கு முன்னரே வந்துபோயிருக்க வேண்டும். எனவே இரண்டு மாதக் குழந்தையின் ஈரலில் அதனைத் தேடிய நாற்பதாண்டுத் தேடல் சென்றுவிட்ட வண்டிக்குக் காத்திருந்ததை ஒக்கும்.

காரணம் துணியப்படாத நிலையிலும் காலத்தைப் பற்றிய இவ்வறிவு உடனே பயன்பட்டது. யப்பானின் தொச்சிகி மாகாணத்திலே 1994 ஆம் ஆண்டு தொடக்கம் தாய்மாருக்கு மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டையொன்று வழங்கப்பட்டிருந்தது. தாய்வான் 2004 இலே அம்முறையை நாடெங்கும் விரித்தது. குழந்தையின் மலத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்திருப்பின் மருத்துவரிடம் செல்வதற்குத் தாய்க்கு வைரசைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரெக்சாசிலே ஹர்ப்பவற் குழுவினர் பிறந்தவுடன் ஒரு தடவையும், அதில் ஐயம் தோன்றினால் இரண்டு வாரத்தில் மறுதடவையும் குருதியைச் சோதிக்கும் முறையை அமைத்தனர். 2020 இலே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி 124,000 அளவான குழந்தைகளுள் 7 குழந்தைகளிற் பித்தக்கானடைப்பு கண்டறியப்பட்டது. எக்குழந்தையும் தவறவிடப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னர் அம்மருத்துவர்களிடம் கசாய்ச் சத்திரசிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் சராசரி வயது 56 நாள். சோதனை தொடங்கியபின் அது 36 நாளாயிற்று.